ஆபரேட்டர் அண்ணாச்சிக்கு எந்தப் படம் போடலாம்?

கேள்வி: டாக்டர் சார், நாங்கள் கல்லிடைக்குறிச்சி. அப்பாவுக்கு 68 வயது. அம்பாசமுத்திரத்தில் ஒரு தியேட்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்தவர்கள். நாலு வருஷமாகப் பார்க்கின்சன் நோய், சின்டோபா மாத்திரை எடுக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் அண்ணன், அப்பாவுக்குத் தைரியம் வரட்டும் என்று நரம்பு நோய் வந்தவர்களைப் பற்றிய படங்களாக ஒரு பட்டியல் அனுப்பினான். முதலில் 'அவேக்கனிங்ஸ்' போட்டோம். பாதிப் படம் வரை அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள், கடைசியில் ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் "என் மாத்திரையும் ஒருநா இப்படித்தான் நின்னு போகுமோட்டி?" என்று கேட்டார்கள். அதிலிருந்து மூன்று வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கிவிட்டார்கள், கேட்டால் "இப்பவே தீத்துட்டா பொறவு வேலை செய்யாது" என்கிறார்கள். அம்மா "அந்தச் சவத்த எதுக்குட்டி போட்டுக் காட்டுன" என்று என்னைத்தான் ஏசுகிறாள். இந்த மாதிரிப் படங்களைக் காட்டலாமா, கூடாதா? தியேட்டருக்கும் வர மாட்டேன் என்கிறார்கள். போன தடவை கை நடுங்குவதையும் நடை தடுமாறுவதையும் பார்த்து ஒருவன் "பெருசு நல்லா ஏத்திட்டு வந்திருக்கு" என்று சொன்னது அப்பா காதில் விழுந்துவிட்டது.

பதில்:

வணக்கம்மா.

முதலில் மாத்திரை, அப்புறம்தான் சினிமா. நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் 'மூன்று வேளையை ஒரு வேளையாக்கிவிட்டார்கள்' என்ற வரிக்காகத்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். இந்த மாத்திரையைத் தானாகக் குறைப்பதும் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. உடம்பு இறுகிப்போய், காய்ச்சல் ஏறி, நினைவு குழம்பி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுகிற அளவுக்குப் போகலாம். எத்தனை நாளாக எவ்வளவு குறைத்தார் என்பதை இன்றைக்கே அவரைப் பார்க்கிற டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், அவர் சொல்கிற அளவில் திரும்ப ஆரம்பியுங்கள். அதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

படித்தாயிற்றா, சரி.

உங்கள் அப்பாவை நான் அண்ணாச்சி என்றே சொல்கிறேன். அவருடைய பயம் முட்டாள்தனமானது இல்லை. படத்தில் டாக்டர் 'எல்-டோபா' என்று சொல்கிறார், தன் மாத்திரை அட்டையிலும் லெவோடோபா என்று போட்டிருக்கிறது, படத்தில் அந்த மருந்து முதலில் அதிசயம் பண்ணுகிறது, பிறகு கைவிட்டுவிடுகிறது. முப்பது வருஷம் சினிமாவோடு வாழ்ந்த மனுஷன் இதைக் கூட்டிப் பார்க்காமல் இருப்பாரா? கூட்டிப் பார்த்தார், விடை தப்பாக வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஏன் தப்பு என்று சொல்கிறேன், அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்தப் படத்தில் வருகிறவர்களுக்கு இருந்தது அண்ணாச்சிக்கு இருக்கும் நோய் இல்லை. முதல் உலகப்போர் காலத்தை ஒட்டி உலகம் முழுக்க ஒரு மூளைக்காய்ச்சல் பரவியது, தூக்க நோய் மாதிரி ஆளைச் சாய்த்துவிடும். 1920களின் கடைசியில் அது வந்த மாதிரியே போய்விட்டது. பிழைத்தவர்களில் பலர் பல வருஷம் கழித்துச் சிலை மாதிரி உறைந்துபோனார்கள். அப்படி உறைந்துபோய் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பெத் ஆபிரகாம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்குத்தான் 1969இல் ஆலிவர் சாக்ஸ் என்ற நரம்பியல் டாக்டர் எல்-டோபா கொடுத்துப் பார்த்தார். 1973இல் அதைப் புத்தகமாக எழுதினார், 1990இல் பென்னி மார்ஷல் படமாக எடுத்தார். ஆக, உடம்பின் அசைவை நடத்துகிற டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் முக்கால்வாசி அழிந்துபோய், முப்பது நாற்பது வருஷம் அப்படியே கிடந்த மூளைகள் அவை. நாலு வருஷ நோயோடு தினமும் காலையில் தானே சவரம் பண்ணிக்கொள்கிற அண்ணாச்சியை (பண்ணிக்கொள்கிறார் என்றுதான் நினைக்கிறேன், நீங்கள் எழுதவில்லை) அவர்களோடு ஒப்பிடக் கூடாது.

இன்னொன்று, மாத்திரையே வேறு. அன்றைக்குக் கொடுத்தது வெறும் லெவோடோபா, அதுவும் கிராம் கணக்கில். பாபநாசத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் வழியில் இருக்கும் மடையெல்லாம் குடித்துவிட்டு, கடைமடைக்கு வரும்போது கால் நனையத்தான் இருக்கும் இல்லையா? அதே கதைதான். வெறும் லெவோடோபாவை விழுங்கினால் பெரும்பகுதி வயிற்றிலும் குடலிலும் ரத்தத்திலுமே டோபமினாக மாறிக் குமட்டல், வாந்தி, தலைசுற்றல் என்று போய்விடும், மூளைக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். 1970களில்தான் கூடவே இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பரவலாக வந்தது, அண்ணாச்சியின் அட்டையில் லெவோடோபாவுக்குப் பக்கத்தில் கார்பிடோபா என்று இருக்கும், பாருங்கள். அது மூளைக்குள் போகாது. வழியில் இருக்கிற மடைகளை அடைத்துக்கொண்டே போகிற ஆள் அது. அதனால்தான் அன்றைக்குக் கிராம் கணக்கில் கொடுத்ததை இன்று மில்லிகிராமில் கொடுக்கிறோம்.

'இப்பவே தீத்துட்டா பொறவு வேலை செய்யாது' என்பதும் உண்மையில்லை. மருந்து ஒரு டப்பாவில் அளந்து வைத்த அரிசி மாதிரி தீர்ந்துபோவதில்லை. வருஷம் போகப்போக நோய்தான் நகர்கிறது, மருந்தைச் சேமிக்கத் தம்மை வருத்திக்கொண்டவருக்கும் அது நகரத்தான் செய்யும். இதைச் சோதித்துப் பார்க்கவே நெதர்லாந்தில் ஒரு ஆய்வு நடந்தது. ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தவர்களையும் நாற்பது வாரம் தள்ளி ஆரம்பித்தவர்களையும் ஒப்பிட்டார்கள், தள்ளிப்போட்டவர்களுக்குக் கடைசியில் ஒரு லாபமும் இல்லை என்று 2019இல் வெளியிட்டார்கள். தாமதித்ததற்கு மிச்சம், அந்த நாற்பது வாரத்துச் சிரமம் மட்டும்தான்.

சரி, அப்போது 'நின்னு போகுமா' என்ற கேள்விக்கு முழுப் பதில் என்ன? நின்று போகாது, ஆனால் சில வருஷத்தில் ஒரு மாத்திரை முன்பு தாங்கிய அளவு நேரம் தாங்காமல் போகும். இதை அண்ணாச்சிக்கு விளக்க எனக்கு ரொம்ப சுலபமான வழி இருக்கிறது, மற்றவர்களுக்குத்தான் கஷ்டம். நான் பாளையங்கோட்டையில் மெடிக்கல் காலேஜ் படித்த காலத்தில் ஒருமுறை ஆபரேட்டர் ரூமுக்குள் போய் நின்றிருக்கிறேன். ரெண்டு புரொஜக்டர், கார்பன் குச்சி எரிகிற வெளிச்சம், சூடு. ஒரு ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு வந்து போகும், அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினை ஓடவிட வேண்டும், ரெண்டாவது பொட்டுக்கு மாற்றிவிட வேண்டும். கீழே உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு ரீல் மாறியதே தெரியாது. பிந்தினால் திரை வெள்ளையாகும், விசில் பறக்கும், அப்புறம் ஆபரேட்டரின் தாய் தகப்பனுக்கு அர்ச்சனை. மாத்திரையும் அதுதான். முதல் மாத்திரை ஓடி முடிந்து திரை வெள்ளையாகிற வரை காத்திருக்காமல், பொட்டு தெரியும்போதே அடுத்தது ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். அண்ணாச்சிக்கு அந்தப் பொட்டு என்ன என்று கண்டுபிடியுங்கள். சிலருக்குக் கட்டை விரல் இழுக்கும், சிலருக்குக் குரல் இறங்கும், சிலருக்குக் காரணமே இல்லாமல் ஒரு படபடப்பு வரும். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குப் பொட்டு என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிக்கொண்டு போனால் அவருடைய டாக்டர் கும்பிடுவார். நேரத்தை மாற்றலாம், கூட வேறு மாத்திரை சேர்க்கலாம், பின்னால் தேவைப்பட்டால் மூளைக்குள் மெல்லிய கம்பி வைக்கிற அறுவை சிகிச்சை வரைக்கும் வழி இருக்கிறது. இதோடு ஒன்று, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால் நல்லது. பருப்பு, முட்டை, பாலில் இருக்கும் புரதம் இந்த மருந்தோடு உள்ளே நுழைய முண்டியடிக்கும். யாராவது பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்து கொடுத்தால் சொல்லாமல் சேர்த்துவிடாதீர்கள், அதில் இருப்பதும் இதே எல்-டோபாதான், எவ்வளவு என்பதுதான் தெரியாது.

இனி சினிமா.

காட்டலாமா கூடாதா என்று கேட்டீர்கள். காட்டலாம். அவர் கேட்டால் காட்டலாம் என்று திருத்திக்கொள்கிறேன். பட்டியல் போட்டு ஒருத்தருக்குத் தைரியம் அனுப்ப முடியாது. சினிமாவுக்கு ஒரு ஏற்றம் வேண்டும், ஒரு இறக்கம் வேண்டும், ரெண்டரை மணி நேரத்தில் முடிய வேண்டும். சாக்ஸ் எழுதிய புத்தகத்தில் அந்த நோயாளிகளின் கதைக்கு மூன்று கட்டம் இருக்கிறது: விழிப்பு, இன்னல், இணக்கம். மருந்தால் எழுந்தார்கள், பிறகு மருந்தாலேயே சிரமப்பட்டார்கள், அதற்கும் பிறகு எல்லோரும் இல்லாவிட்டாலும் சிலர் ஒரு மாதிரி சமாதானத்துக்கு வந்து, குறைந்த மருந்தோடு வருஷக் கணக்கில் வாழ்ந்தார்கள். படம் முதல் ரெண்டை எடுத்துக்கொண்டது, மூன்றாவதை ஏறக்குறைய விட்டுவிட்டது, ஏனென்றால் அதில் நாடகம் இல்லை. எழுந்து பல் தேய்ப்பதும், பட்டன் போட ஏழு நிமிஷம் ஆவதும், கோபித்துக்கொள்வதும், மத்தியானம் தூங்குவதும்தான் அதில் இருக்கிறது. என்னிடம் வருகிற முக்கால்வாசிப் பேர் அந்த மூன்றாவது கட்டத்தில்தான் குடியிருக்கிறார்கள், அண்ணாச்சியும் சேர்த்து.

அதனால் நான் சொல்வது உங்கள் அம்மாவுக்குப் பிடிக்காது: அதே படத்தை இன்னொரு தடவை போடுங்கள். முழுதாக வேண்டாம். உறைந்துபோன ஒரு அம்மாள் நடந்து வந்து, தரையில் கட்டம் போட்ட டைல்ஸ் முடிகிற இடத்தில் அப்படியே நின்றுவிடுவார், டாக்டரும் நர்சும் சேர்ந்து மீதித் தரைக்கும் கட்டம் வரைவார்கள், அந்த அம்மாள் நடந்து ஜன்னலுக்குப் போய்விடுவார். அந்தக் காட்சி மட்டும் போதும். அது கற்பனையில்லை. பார்க்கின்சனில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்போது, தாண்டுவதற்குக் கண்ணுக்கு ஒரு கோடு கிடைத்தால் கால் கிளம்பிவிடும். தானாக நடக்கிற வழி அடைபட்டிருக்கும்போது, பார்த்து நடக்கிற வழி வேறு பக்கமாகத் திறந்திருக்கிறது. அடுப்படி வாசல், கக்கூஸ் வாசல் என்று அண்ணாச்சி எங்கே நின்றுபோகிறாரோ அங்கே ஒரு முழ இடைவெளியில் கலர் டேப்பை ஒட்டுங்கள், நாலு கோடு போதும். பாட்டின் தாளத்துக்கும் கால் இதே மாதிரி கட்டுப்படும். அண்ணாச்சி மனப்பாடமாக வைத்திருக்கிற பாட்டுகளில் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே அடி வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

அந்தப் படத்தில் டாக்டராக நடித்த ராபின் வில்லியம்ஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், வாசித்துக் காட்டும்போது இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். (மறைக்காதீர்கள் என்று ஊருக்கு உபதேசம் பண்ணுகிற நானே இப்படித்தான்.) அவருக்குப் பார்க்கின்சன் என்றுதான் சொல்லியிருந்தார்கள். 2014இல் அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தபோதுதான் அது லூயி பாடி டிமென்ஷியா என்ற, நினைவையும் குழப்புகிற வேறு மூளை நோய் என்று தெரிந்தது, அவர் மனைவி அதைப் பற்றி ஒரு நரம்பியல் இதழிலேயே எழுதினார். இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், அண்ணாச்சி இல்லாத ஆளை இருப்பதாகப் பார்த்தாலோ, ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் குழம்பியும் இருந்தாலோ அதை 'வயசாயிட்டுது' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மாதிரி ஆளுக்குச் சில தூக்க மருந்துகளும் மனக்குழப்ப மருந்துகளும் கடுமையாகக் கெடுதல் பண்ணும்.

பட்டியலில் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் பற்றிய 'ஸ்டில்' என்ற ஆவணப்படம் இருந்தால் அதை அண்ணாச்சிக்குப் போடலாம். 2023இல் வந்தது. ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்த நடிகர், 1991இல் 29 வயதில் பார்க்கின்சன் என்று தெரிந்தது, ஏழு வருஷம் வெளியே சொல்லாமலே நடித்துக்கொண்டிருந்தார். எப்படி மறைத்தார் என்பதை அவருடைய பழைய படக் காட்சிகளை வெட்டி ஒட்டியே காட்டுகிறார்கள். ஒவ்வொரு காட்சியிலும் இடது கையில் ஏதாவது ஒரு பொருள், ஒரு பேனாவோ போனோ, இல்லாவிட்டால் கை பாக்கெட்டுக்குள். ஃபிலிமை விரல் நுனியில் தடவி ஒட்டுப் பார்த்த மனுஷனுக்கு அந்தக் கையைப் பிடிப்பது விளையாட்டு மாதிரி இருக்கும். ஆங்கிலம் என்பதால் நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டிவரும். ஆனால் போடுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: படத்தில் ஃபாக்ஸ் உடம்பு முழுக்க அப்படியும் இப்படியும் அலைபாயும். அண்ணாச்சி அதைப் பார்த்து 'நான் அடுத்து இப்படி ஆடப்போறேன்' என்று முடிவு கட்டிவிடுவார். சும்மா இருக்கும்போது கை உருட்டுகிற நடுக்கம்தான் நோயுடையது. அந்த அலைபாய்தல் பல வருஷம் மருந்து எடுத்த பிறகு சிலருக்கு மருந்து உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வருவது, அளவையும் நேரத்தையும் மாற்றிக் குறைக்கிறோம். ரொம்ப இளம் வயதில் நோய் வந்தவர்களுக்குத்தான் அது கூடுதலாக வரும். அண்ணாச்சிக்கு வந்தது 64 வயதில்.

ஸ்டீபன் ஹாக்கிங் படம் பட்டியலில் கட்டாயம் இருக்கும், பெங்களூர்ப் பட்டியலில் அது இல்லாமல் இருக்காது. அதைத் தவிருங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் ஏ.எல்.எஸ். என்ற, தசைகளை இயக்கும் நரம்புகள் அழிந்துபோகிற நோய் வந்த ஒரு வாத்தியாருக்கு நானே, ஆமாம் நானே, தெம்பாக இருக்கட்டும் என்று அந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னேன். அடுத்த வாரம் அவர் மனைவி வந்து "அவர் அம்பது வருஷத்துக்கு மேல இருந்தாராமே டாக்டர், அப்ப எங்களுக்கும் இருக்குல்லா?" என்று கேட்டார். ஹாக்கிங்குக்கு 1963இல் 21 வயதில் அதே நோய் தெரிந்து, ரெண்டு வருஷம் என்று டாக்டர்கள் சொல்லி, அவர் 2018 வரை 76 வயது வாழ்ந்தது உண்மை. அந்த நோயில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது இரண்டிலிருந்து ஐந்து வருஷம் என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் டிக்கெட் வாங்கிக் காட்டிவிட்டு ரெண்டாவதை அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டி வந்தது. அதன்பிறகு எந்த நோயாளிக்கும் நானாக ஒரு படத்தைச் சிபாரிசு செய்ததில்லை, யாராவது கேட்டால்தான்.

நம் படங்களுக்கு வருவோம். மருத்துவக் கண்ணில் பார்த்தால் தமிழில் எனக்குப் பிடித்தது 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்'. 2012இல் வந்தது. கிரிக்கெட்டில் தலையில் அடிபட்டு, கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னால் பொண்ணையே மறந்துபோகிற கதை. அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கே உண்மையில் நடந்தது அது, அவரே கேமராவும் பிடித்தார். அடிபட்டவர் அதே கேள்வியை அதே வரிசையில், அதே முகபாவத்தோடு திரும்பத் திரும்பக் கேட்பார் பாருங்கள், நாங்கள் விபத்துப் பிரிவில் பார்ப்பது அப்படியே அதுதான். ஒரு பாட்டு, ஒரு அடி, நினைவு திரும்பிற்று என்ற கதையே அதில் இல்லை, மூளை தன் நேரத்தில் தானாகச் சரியாகிறது. 'மூன்றாம் பிறை' பேரழகு, நானும் கடைசிக் காட்சியில் அழுதவன்தான், ஆனால் விபத்தில் அடிபட்ட பெரிய பெண் குழந்தையாக மாறிவிடுவதும், வைத்தியம் முடிந்ததும் இடையில் நடந்தது மட்டும் சுத்தமாக அழிந்துபோவதும் கதைக்காகச் செய்தவை. 'கஜினி' வந்த பிறகு ரெண்டு வருஷம் என் அறைக்கு வந்த மறதிக்காரர்கள் எல்லோரும் தங்களுக்கு ஷார்ட் டெர்ம் மெமரி லாஸ் என்றுதான் சொன்னார்கள், கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடினவர்கள் உட்பட.

தமிழ் சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்த ரொம்பக் கெட்ட வைத்தியம் ஒன்றும் உண்டு, வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது. வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாக நிற்கும், அந்த நேரத்தில் யாராவது சாவி கொடுத்திருப்பார்கள், பெயர் சாவிக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணியைப் பாருங்கள், ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வாய்ப்பு கிடைத்தால் சொல்லிவிடுவது என் வழக்கம்.

அண்ணாச்சிக்கு நான் போடச் சொல்வது, ஆச்சரியப்படாதீர்கள், 'ஓ காதல் கண்மணி'. மணிரத்னம் படம்தான், இளசுகள் கதைதான், ஆனால் அந்த வீட்டுக்கார அம்மா பவானிக்கு அல்சைமர். லீலா சாம்சன் நடித்திருப்பார். அவர் கணவர் கணபதி, பிரகாஷ்ராஜ், சாப்பாடு கொடுக்கிறார், தேடிப் போகிறார், கேலி பண்ணுகிறார், கவலைப்படுகிறார். நோய் அந்த வீட்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறது, கதை அதன் மேல் ஏறி உட்காரவில்லை. நான் மேலே சொன்ன மூன்றாவது கட்டம் திரையில் வந்த அபூர்வமான இடங்களில் அது ஒன்று. மலை தாண்டினால் மலையாளத்தில் அல்சைமர் பற்றிய 'தன்மாத்ர' இருக்கிறது, மோகன்லால், 2005. அருமையான படம், இப்போது வேண்டாம். நல்ல படம் என்பதாலேயே வேண்டாம்.

உங்கள் அண்ணனுக்கு ஒரு படம் நான் அனுப்புகிறேன்: 'பேரன்பு'. துபாயிலிருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்த அப்பா, மனைவி போய்விட்ட பிறகு, பெருமூளை வாதம் வந்த மகளோடு தனியாக விடப்படுகிறார். மகளுக்குத் தீட்டு வந்தால் என்ன செய்வது என்பதில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறார். மகளுக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காது, அதிலிருந்துதான் படம் ஆரம்பிக்கிறது. பணமும் பட்டியலும் அனுப்புகிற தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் பார்க்கலாம். குத்திக்காட்டச் சொல்லவில்லை, ஒரு ராத்திரி அவர் தனியாகப் பார்க்கட்டும்.

தியேட்டர் விஷயம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. ஆயுசு முழுக்க ஊருக்கே படம் காட்டிய மனுஷன், ஒருத்தன் சொன்ன சொல்லுக்காகத் தியேட்டர் வாசலை மிதிக்காமல் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வார நாள் மத்தியானக் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். படம் ரெண்டரைக்கு என்றால் மாத்திரை ஒன்றே முக்காலுக்கு உள்ளே போயிருக்கட்டும். விளக்கு அணைவதற்கு முன்னாலேயே போய் உட்கார வேண்டும், இருட்டிலும் வாசலிலும் கூட்டத்திலும்தான் கால் ஒட்டும். படி ஏறாத வரிசையில் ஓர சீட். இடைவேளையில் எல்லோரும் ஓடும்போது எழுந்திருக்காமல், பத்து நிமிஷம் முன்னாலேயே பாத்ரூம் போய்வந்துவிடலாம், எப்படியும் இடைவேளை எப்போது வரும் என்று அவருக்குத்தான் தெரியுமே. இனி எவனாவது 'ஏத்திட்டு வந்திருக்கு' என்றால் அண்ணாச்சி சும்மா இருக்கட்டும், நீங்கள் உரக்கச் சொல்லுங்கள், "அது பார்க்கின்சன்ங்க, நரம்பு நோய்" என்று. சண்டைக்கு இல்லை, பக்கத்தில் இருக்கும் பத்துப் பேருக்கும் கேட்க வேண்டும், அதற்குத்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்தில் வரிசைப்படுத்தியிருக்கும் 21 நிலைகளில் பார்க்கின்சனும் ஒன்று, 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் சலுகைகளும் உண்டு, பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அடுத்த முறை வரும்போது அதைப் பற்றியும் விசாரியுங்கள். சினிமாக்காரர்களுக்கும் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு குட்டு வைத்தது, ஊனத்தைக் கேலி செய்கிற நகைச்சுவை வேறு, ஊனத்தோடு வாழ்வதைப் புரியவைக்கிற நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொல்லி. தீர்ப்பு திரைக்கு வந்துசேரக் கொஞ்ச நாள் ஆகும், பார்ப்போம்.

தைரியம்தான் வேண்டும் என்றால் அதற்கு ஹாலிவுட் வரை போக வேண்டாம், ஆய்க்குடிக்குப் போனால் போதும். தென்காசிக்குப் போய் அங்கிருந்து கொஞ்ச தூரம். எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் 1975இல் இன்ஜினியரிங் மாணவராக இருக்கும்போது கடற்படை அதிகாரி தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் அந்த ஊரிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார், 2020இல் பத்மஸ்ரீ வந்தது. அவரோடு சேர்ந்து நடத்தும் சங்கர ராமனும் தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். ஒரு நாள் போய்வாருங்கள். அங்கே உங்களுக்கு யாரும் வசனம் பேச மாட்டார்கள், ஃபைல் பார்த்துக்கொண்டிருப்பார்கள், யாரோ யாரையோ ஏசிக்கொண்டிருப்பார்கள், குழந்தைகள் நடக்கப் பழகிக்கொண்டிருக்கும். அண்ணாச்சிக்குக் காட்ட வேண்டியது அதுதான்.

கடைசியாக, உங்கள் அண்ணனுக்கு வேலை ஒன்று. அப்பாவின் குரல் இறங்கிப்போயிருக்கும், நீங்கள் எழுதவில்லை என்றாலும் நாலு வருஷத்தில் இறங்கியிருக்கும், அவருக்கே அது தெரியாது, சத்தமாகப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். இதற்கு மருந்தைவிடப் பயிற்சிதான் வேலை செய்யும், வேண்டுமென்றே கத்திப் பேசுகிற பயிற்சி. பட்டியல் அனுப்புவதை நிறுத்திவிட்டுத் தினமும் போன் பண்ணி, அப்பா ஓட்டிய ஒரு படத்தின் கதையைக் கேட்கச் சொல்லுங்கள். எத்தனை நாள் ஓடியது, எங்கே ரீல் அறுந்தது, எந்தப் பாட்டுக்கு ரெண்டாவது தடவை போடச் சொல்லிக் கூட்டம் சத்தம் போட்டது, எல்லாவற்றையும். பெஞ்சு டிக்கெட்டில் இருக்கிறவனுக்கும் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அண்ணன் 'சவுண்டு' என்று கத்தலாம், தியேட்டரில் கத்துகிற மாதிரியே. காலை பதினோரு மணிக்கு மேல் பண்ணட்டும், அதற்குள் மாத்திரை பிடித்திருக்கும்.